உலையை உறங்கவைத்துவிட்டு வந்தவர்

நிந்தவூரில் வந்து கச்சிமுகம்மது வீடு எது என்று கேட்டால் இப்போது யாருக்கும் சட்டென்று பிடிபடாது. அணுக்கார மருமகன் வீடு என்று கேளுங்கள், வாசல்வரை கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்கள். ஊர் வைத்த பேர் அது. ஊர்வாயை மூட உலைமூடி எங்கே கிடைக்கும்? மனிதர் அணுவைப் பிளந்தவருமில்லை, அதில் மின்சாரம் எடுத்தவருமில்லை. வயதாகி, இனிப் போதும் என்று நிறுத்திய ஓர் அணுமின் நிலையத்தைத் துடைத்து, கட்டி, பூட்டி, நீண்ட உறக்கத்தில் கிடத்திவிட்டு வந்த கூட்டத்தில் ஒருவர். அதிலும் அவருடைய பங்கு துடைப்பது.

பிறந்தது சாய்ந்தமருதில், கடலுக்குப் போகிற வாப்பாவுக்கு. வள்ளத்தில் ஏற்றினால் கரை மறையுமுன்பே வாந்தி. மீன்காரன் வீட்டில் இப்படியும் ஒரு பிள்ளையா என்று வாப்பா நெற்றியில் அடித்துக்கொண்டு, இவனுக்குத் தரைதான் சரி என்று விட்டுவிட்டார். தரையிலும் நல்ல இடமாகக் கிடைக்கவில்லை. கத்தாருக்குப் போய், எண்ணெய்த் தாங்கிகளுக்குள் இறங்கி அழுக்குச் சுரண்டினார். பிறகு, ஒழுங்காகத் துடைக்கிற ஆட்கள் வேண்டுமென்று ஒரு கம்பனி அங்கிருந்து சிலரைப் பொறுக்கி லண்டனுக்கு எடுத்தது. லண்டன் என்று சொல்வது நாங்கள். அவர் இருந்தது லண்டனில் ரயிலேறினால் பொழுதுபடப் போய்ச் சேருகிற ஒரு குளிர் கடற்கரை. நமக்கு அந்தத் தீவு முழுக்க லண்டன்தான், விடுங்கள்.

கலியாணம் நிந்தவூரில். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு பெண்ணுக்கு, அதிகாரம் பெண்ணின் உம்மாவுக்கு. கச்சிமுகம்மதுவின் மாமி சபியா உம்மா அந்த அதிகாரத்தை ஒரு பிடி குறையாமல் செலுத்துகிறவர். கெட்ட மனிசி என்று சொல்லிவிட முடியாது. மருமகனுக்கு மீன் துண்டில் நடுத்துண்டு வைப்பார், காய்ச்சல் என்றால் பக்கத்தில் குந்தியிருந்து ஓதி ஊதுவார். ஆனால் அவர் ஒன்றை முடிவெடுத்துவிட்டால் பிறகு அந்த வீட்டில் அதற்கு மறுபேச்சில்லை. மனைவி றிப்னா மட்டும் எப்போதாவது முணுமுணுப்பாள். அந்தத் தம்பதிக்குப் பிள்ளையில்லாமல் பத்து வருடத்துக்கு மேல் போயிற்று. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் கதைப்பதில்லை. கதைக்காத கதைதான் கூடக் கனக்கும்.

அந்த நிலையத்தில் நடந்த வேலையைச் சொல்ல வேண்டும். அவர் போய்ச் சேர்ந்தபோதே உலை அணைந்து கிடந்தது. எரிபொருள் கோல்களை எல்லாம் தடித்த இரும்புப் பெட்டிகளில் வைத்து ரயிலில் எப்போதோ அனுப்பிவிட்டார்கள். மிஞ்சிக் கிடந்தது அந்த இடமெல்லாம் ஊறிப்போன கதிர்வீச்சு. கோல்களைப் போட்டு வைத்திருந்த பெரிய தண்ணீர்த் தொட்டியை வடித்தார்கள். அடியில் கிடந்த சேற்றை அள்ளிப் பீப்பாயில் போட்டு சீமெந்து ஊற்றி இறுக வைத்தார்கள். குழாய்களை வெட்டினார்கள். சுவர்களைத் துடைத்து, துடைத்தும் போகாததைச் சுரண்டி, தூசு எழும்பாதபடி மேலே ஒரு பூச்சுப் பூசினார்கள். உலையின் நடுவயிற்றை மட்டும் யாரும் தொடவில்லை. அதைத் தொடுவதற்குக் காலம் வரவில்லை. எண்பது தொண்ணூறு வருடம் அது அப்படியே கிடக்கட்டும், கதிர் தானாகவே அடங்கும், அதன் பிறகு பிறக்கப்போகிறவர்கள் வந்து பிரித்து எடுக்கட்டும் என்பது கணக்கு. வாடைக்காலம் வந்தால் நம்மவர்கள் வள்ளத்தைக் கரையில் இழுத்து வைத்து ஓலை போட்டு மூடுவதில்லையா, அதுபோலத்தான். என்ன, இந்த வாடைக்காலம் கொஞ்சம் நீளம்.

கச்சிமுகம்மதுவின் வேலைக்கு ஒரு சட்டம் இருந்தது. துணியை ஒரு பக்கமாக ஒரே ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். பிறகு மடித்துச் சுத்தமான பக்கத்தால் அடுத்த இழுப்பு. இழுத்த இடத்தில் துணியைத் திரும்பக் கொண்டுபோனால் எடுத்த அழுக்கை அங்கேயே பூசுகிறோம் என்று அர்த்தம். இந்தப் பழக்கம் அவர் கையில் அப்படியே ஏறிவிட்டது. விடுமுறையில் வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசையையும் அப்படித்தான் துடைப்பார். றிப்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அவர் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. பத்துப் பேர் வருடக்கணக்காகத் துடைத்துக்கொண்டு போனால் ஒரு பயங்கரமான இடம் மெல்ல மெல்லச் சாதுவாகிற அதிசயத்தைக் கண்ணால் கண்ட மனிதர் அவர். இன்று முகமூடியோடு நின்ற அறையில் அடுத்த வருடம் வெறும் சப்பாத்தோடு நடக்கலாம். அந்தச் சந்தோசத்தை அவர் யாருக்கும் விளங்கப்படுத்த முயற்சித்ததில்லை.

கடைசி வருடத்தில், விடுமுறைக்கு வந்து திரும்பிய பிறகுதான் றிப்னாவின் தொலைபேசி வந்தது. மூன்று மாதமாம். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று இவருக்குப் பிடிபடவில்லை. இவரும் அதே நிலையில்தான் நின்றார். இரண்டு கிழமை கழித்து, லண்டனுக்கு வந்த ஓர் அக்கரைப்பற்று ஆளின் கையில் மாமி ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தார். உள்ளே ஓர் இசுமு. அதாவது, ஓதி எழுதிய தகட்டை அடைத்த ஒரு சின்ன வெள்ளிக் கூடு, கையில் கட்டுவதற்குக் கறுப்பு நூலோடு. பிள்ளை பிறக்கும்வரை கழற்றவே கூடாது என்று கட்டளை. இந்தக் காலத்தில் இசுமு கட்டுவது சரியா பிழையா என்று ஊரில் இரண்டு கட்சி உண்டு. மாமிக்கு அந்தக் கட்சியெல்லாம் தெரியாது. கச்சிமுகம்மதுவுக்கு மாமியைத் தெரியும்.

வேலைக்குள் போகிறவர் உடம்பில் மோதிரம்கூட இருக்கக் கூடாது என்பது நிலையத்தின் சட்டம். கழற்றக் கூடாது என்பது மாமியின் சட்டம். நிலையம் அங்கே இருக்கிறது, மாமி கடல் கடந்து இருக்கிறார், ஆனாலும் மாமிதான் வென்றார். முழங்கைக்கு மேலே இறுகக் கட்டி, மேலே உள்சட்டையை இழுத்து மூடிக்கொண்டு இவர் உள்ளே போனார். வெளியே வருகிற வழியில் ஆள் நிற்கிற அளவில் ஓர் இயந்திரம் இருக்கும். அதற்குள் நின்றால் உடம்பில் கதிர் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பச்சை விளக்குப் போடும். இத்தனை வருடமும் பச்சை போட்ட இயந்திரம் அன்றைக்குச் சிவப்பைப் போட்டு மணியும் அடித்தது.

அவரை உடனே குளிக்கும் அறைக்குக் கூட்டிப்போனார்கள். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பது சும்மாவா? சட்டத்தை மீறி இசுமு கட்டியது தெரிந்தால் வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில், யாரும் பார்க்காத கணத்தில் அதைக் கழற்றி, மறுபக்கம் அடுக்கியிருந்த துவாய்களுக்கு அடியில் செருகிவிட்டார். குளித்துவிட்டு வந்ததும் கருவியால் மேலெல்லாம் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. இன்னொரு நாள் வேறொரு பெரிய இயந்திரத்தில் இருத்தி உடம்புக்குள்ளும் பார்த்தார்கள். அங்கும் ஒன்றுமில்லை. ஏதோ சின்னத் தூசு ஒட்டியிருந்திருக்கும், கழுவுப்பட்டுப் போயிற்று, கவலைப்படாதே என்று தோளில் தட்டி அனுப்பினார்கள்.

கவலைப்படாமல் இருக்க அவரால் முடியவில்லை. இசுமுவை ஒளித்தது அவர்களுக்குத் தெரியாதே. தூசு அந்த வெள்ளிக் கூட்டில்தான் ஒட்டியிருக்க வேண்டும் என்று அவர் முடிவெடுத்தார். கூட்டில் ஒட்டியது கையில் ஒட்டாதா, கையில் ஒட்டியது உள்ளே போகாதா? இசுமுவைக் கட்டிய முதல் நாளே மணி அடித்ததே என்று நீங்களும் நானும் யோசிப்போம். அவர் யோசிக்கவில்லை. உம்மாமார் ஓதிக் கட்டுகிற பறக்கத்தான, அருள் ஊறிய சாமானில் குற்றம் இருக்கும் என்று எங்கள் ஊரில் எவருக்கும் யோசனை போகாது. குற்றம் எப்போதும் அந்நிய மண்ணில்தான் இருக்கும். எறியவும் வழியில்லை. ஓதிய எழுத்தைக் குப்பையில் போடுவது பாவம். கடலில் விடலாமென்றால் அந்தக் கடலுக்கு என்ன ஆகுமோ என்று இன்னொரு பயம். துவாய்களுக்கு அடியிலிருந்து அன்றே இரகசியமாக எடுத்துவந்திருந்ததைப் பால்மாத் தகரத்துக்குள் வைத்து, சுற்றிச் சுற்றி அலுமினியத் தாளால் மூடி, சூட்கேசின் அடியில் போட்டார்.

வேலை முடிகிற நாள் வந்தது. கட்டடத்தின் உயரத்தைக் குறைத்து, பின்னாலிருந்த மலையின் நிறத்தில் புதுத் தகடு போர்த்தி, புறா நுழையும் இடுக்கெல்லாம் வலை அடித்து, கதவுகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வந்தவர்கள் கடைசிக் கதவில் நின்றார்கள். ஒருவர் கேக் கொண்டுவந்திருந்தார். பொறியியலாளர் ஒருவர் கண் கலங்கினார். கதவைத் தள்ளிச் சாத்தியபோது கச்சிமுகம்மது பழக்க தோசத்தில் வாய்க்குள் இறைவன் பேரில் பிஸ்மி சொன்னார். பிஸ்மி சொல்லிச் சாத்திய கதவைச் சைத்தான் திறக்க மாட்டான் என்பது நாங்கள் சின்ன வயதில் படித்தது. அந்தக் கதவைப் பொறுத்தவரை அவருக்கு மனம் நிம்மதிதான். நிம்மதியில்லாதது அவருடைய சூட்கேசுக்குள் இருந்தது.

ஊருக்கு வந்தபோது றிப்னாவுக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது. வாசலில் வைத்தே மாமி அவரை மறித்தார். இத்தனை வருடமும் மருமகன் லண்டனில் வேலை என்று பெருமையாகத் திரிந்தவருக்கு, அணு என்றால் என்ன என்று யாரோ தொலைபேசியில் படம் காட்டியிருக்கிறார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மருமகனுக்கு முன் அறையில் தனிப் பாய், தனிக் கோப்பை. அவருடைய உடுப்புகள் கிணற்றடியில் வேறு கொடியில் காய்ந்தன. றிப்னாவின் அறை வாசலில் நின்று கதைக்கலாம், உள்ளே போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொன்றையும் மாமி சொல்லிவிட்டார். பிறந்த பிள்ளையின் வலது காதில் வாப்பா பாங்கு சொல்ல வேண்டும், உலகத்தில் அது கேட்கிற முதல் சொல் அதுவாக இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அந்தப் பாங்கைத் தன்னுடைய தம்பி ஜவுபர் சொல்லட்டும், பிள்ளையை நாற்பது நாள் கழியும்வரை மருமகன் தொடவே வேண்டாம் என்பது மாமியின் முடிவு.

வேறொரு மனிதர் என்றால் சண்டைக்கு நின்றிருப்பார். கச்சிமுகம்மது தலையை ஆட்டினார். மாமியின் பயத்துக்கு அவரால் பதில் சொல்லியிருக்க முடியும், துடைத்த கதை பூட்டிய கதையெல்லாம் சொல்லியிருக்க முடியும். தன் பயத்துக்குத்தான் அவரிடம் பதிலில்லை. கிணற்றடிக் கொட்டிலின் கூரை இடுக்கில் பால்மாத் தகரத்தைச் செருகி வைத்திருந்தார். பத்து வருடம் ஏங்கிக் கிடைத்த பிள்ளையைத் தன் கையே கெடுத்துவிடுமோ என்று அவர் கையைப் பார்த்துப் பார்த்துக் குமைந்தார். ஏன் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறீர்கள் என்று றிப்னா வாசலில் நின்றவரிடம் கேட்டு அழுதாள். அவர் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போனார்.

அப்போதுதான் சுஜிந்தன் வந்து சேர்ந்தான். காரைதீவுக்காரன், முப்பது வயதிருக்கும், கடற்கரை மண்ணை ஆராய்கிற ஒரு கூட்டத்தில் வேலை. கழுத்தில் ஒரு மெசினைத் தொங்கவிட்டுக்கொண்டு கரையோரமாக நடப்பான். சாய்ந்தமருதுத் தேநீர்க்கடையில் அந்த மெசினைக் கண்டதும் கச்சிமுகம்மதுவுக்குத் தெரிந்துவிட்டது. கதிர் பார்க்கிற கருவிதான். மறுநாள் காலையில் தகரத்தை ஒரு பையில் போட்டுக்கொண்டு போய், என்னைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் தம்பி என்று கேட்டார். சுஜிந்தன் தலையிலிருந்து கால்வரை பிடித்துப் பார்த்தான். மெசின் எப்போதும்போல அங்கொன்றும் இங்கொன்றுமாக டிக் டிக்கென்று சொட்டியது.

"உங்களில ஒண்டுமில்ல நானா," என்று அண்ணன் முறைவைத்துச் சொன்னான்.

பிறகு இவர் தகரத்தைத் திறந்து இசுமுவை வெளியே எடுத்தார். மெசினைக் கிட்டக் கொண்டுபோனதும் அது வறுத்த சோளம்போலப் பொரியத் தொடங்கிவிட்டது. கச்சிமுகம்மது மணலில் அப்படியே குந்திவிட்டார். நினைத்தது சரி, அங்கிருந்துதான் கொண்டுவந்திருக்கிறேன், பிள்ளை இருக்கிற வீட்டுக் கூரையில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன் என்று வாய் புலம்பியது. சுஜிந்தன் ஒரு ஈரத்துணியால் கூட்டை அழுத்தித் துடைத்து, துணியை மெசினில் பிடித்தான். துணியில் ஒன்றுமில்லை. அப்படியென்றால் வெளியே ஒட்டியது இல்லை, உள்ளே இருக்கிறது என்றான். கூட்டைத் திறக்க அவனுக்கு மனமில்லை. அடுத்த மார்க்கத்துச் சாமான், ஓதிக் கட்டியது. கட்டியவரைக் கேளுங்கள் என்றான்.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. றிப்னாவுக்கு வலி கண்டுவிட்டது, அவளுக்கு மூத்த ராத்தா நாச்சியா கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டாள், மாமி வீட்டில் சாமான் எடுத்துக்கொண்டு நிற்கிறார், ஓட்டோ பிடித்து வாருங்கள் என்று செய்தி. சுஜிந்தன் தன் வாகனத்திலேயே ஏற்றிக்கொண்டு நிந்தவூருக்கு விட்டான். சபியா உம்மா வாசலில் பையும் பிளாஸ்க்குமாக நின்றார். இவர் இறங்கியதும் இசுமுவை நீட்டினார்.

"மாமி, இதுக்குள்ள என்ன வெச்சீங்க?"

"இப்ப கேக்கிற கதையா மருமகன் இது? புள்ள அங்க வலியில கிடக்காள்."

"சொல்லுங்க மாமி. இது தெரியாம நான் ஆஸ்பத்திரி வாசல்லயும் கால் வைக்க மாட்டன்."

கலியாணம் முடித்த நாளிலிருந்து மருமகன் இப்படிக் குரலெடுத்ததை மாமி கேட்டதில்லை. கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஓதின தகடு. அதோட கடற்கரைப் பள்ளிவாசலடி மண். வெறும் மண் வேணாமெண்டு, அந்தக் கறுத்த மண்ணாப் பாத்து அள்ளி இறுக்கி அடைச்சன். மினுமினுண்டு இரிந்திச்சி. பறக்கத்தான மண்ணெண்டு நெனச்சன்."

சுஜிந்தனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமியின் முகத்தைக் கண்டு அடக்கிக்கொண்டு விளங்கப்படுத்தினான். மாரி முடிந்தால் அலையடியில் வரிவரியாக ஒதுங்குகிற கறுப்பு மண்ணில் இயற்கையாகவே கொஞ்சம் கதிர் உண்டு. மலையிலிருந்து ஆறு கொண்டுவந்து கொட்டியது, உலகம் உண்டான நாளிலிருந்து இருப்பது. அவன் வேலையே அதை அளப்பதுதான். நடக்கிறவருக்கும் விளையாடுகிறவருக்கும் அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த நிலையத்து இயந்திரம் ஒரு துளித் தூசுக்கும் மணி அடிக்கச் செய்தது, கூடு நிறைய மண்ணைக் கட்டிக்கொண்டு போனால் அடிக்காமல் என்ன செய்யும்? மாமிக்கு நம்பிக்கை வரவில்லை. கண்ணால் கண்டால்தான் நம்புவேன், போகிற வழிதானே, கடற்கரைக்கு விடுங்கள் என்று ஏறி உட்கார்ந்துவிட்டார். மகள் வலியில் கிடக்கும்போது கூட மாமியை அசைக்க முடியுமா?

கல்முனைக்குடிக் கடற்கரையில், மாமி மண் அள்ளிய அந்தப் பள்ளிவாசலடியில், அன்றைக்குக் கறுப்பு வரி நன்றாகவே ஒதுங்கியிருந்தது. சுஜிந்தன் மெசினை அதன் மேல் பிடித்தான். அதே பொரியல். மாமியின் மேல் பிடித்தான், இல்லை. மருமகன் மேல் பிடித்தான், இல்லை. இன்னொருக்கால் பிடி என்றார் மாமி. நெஞ்சில் பிடி, கையில் பிடி, உள்ளங்கையைத் திருப்பிப் பிடி. எங்கேயும் இல்லை. சபியா உம்மா குனிந்து, கறுத்த மண்ணில் செருப்பில்லாமல் நிற்கிற தன் கால்களையே பார்த்தார். பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த கதைதான் அது என்று அவருக்கு விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை.

"அப்ப அங்க மணி அடிச்சது உங்களுக்கில்ல," என்றார். "நான் குடுத்தனுப்பின எங்கட மண்ணுக்கு."

"ஓம் மாமி," என்றார் கச்சிமுகம்மது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று வாயால் சொல்லுவது லேசு, அவர் அலையடியிலேயே உட்கார்ந்துவிட்டார். அலை வந்து சாரனை நனைக்கிறது என்றுகூடப் பார்க்காமல் இருந்து அழுதார். அழுகைக்கு நடுவில் சிரித்தார். அத்தனை மாதமாக நெஞ்சில் கட்டி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மாமி அவருடைய தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார். இத்தனை நாளும் விரல் படாமல் விலகி நடந்த மனிசி அவர்.

ஆஸ்பத்திரி நடையில் ஜவுபர் மாமா கை கால் முகம் கழுவி வுழூ செய்து, தொப்பி போட்டு, கையை மடித்துவிட்டுக்கொண்டு ஆயத்தமாக நின்றார். பிள்ளை பிறந்து கொஞ்ச நேரந்தான், பெண்பிள்ளை, தாயும் சுகம் என்று நாச்சியா ஓடிவந்து சொன்னாள். தாதி வெள்ளைத் துணியில் சுற்றிய பிள்ளையைக் கொண்டுவந்து சபியா உம்மாவின் கையில் கொடுத்தார். ஜவுபர் மாமா முன்னுக்கு வந்தார். கச்சிமுகம்மது பழக்கத்தில் ஓரடி பின்னுக்குப் போனார்.

"நீங்க அங்கால நில்லுங்க தம்பி," என்றார் சபியா உம்மா. "புள்ளக்கி வாப்பா இரிக்காரு."

ஜவுபர் மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருக்கு விளங்கப்படுத்த அந்த நேரம் யாருக்கும் அவசரமில்லை. மாமி பிள்ளையைக் கொண்டுவந்து மருமகனின் இரண்டு கையிலும் வைத்தார். கச்சிமுகம்மது ஒருதரம் மாமியின் முகத்தைப் பார்த்தார், பிறகு பிள்ளையைத் தூக்கி அதன் வலது காதில் வாயை வைத்தார். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. நடையில் நின்ற எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மருமகன், அது எனக்கே கேக்கல்ல," என்றார் மாமி. "புள்ளக்கி எப்பிடிக் கேக்கும்? முதல்ல இரிந்து சொல்லுங்க."

கச்சிமுகம்மது கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து தொடங்கினார்.